அமெரிக்க ஓக் மேசைக்குள்ளிருந்து வந்த நீளக்கொம்பு வண்டு: வீட்டு மரச்சாமான்களுக்கு ஆபத்தா?

வெண்ணிலா_பாளை

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை அக்காவும் அத்தானும் கொடுத்தது. அவர்கள் பென்சில்வேனியாவில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு 2018இல் ஊரோடு வந்தபோது கப்பலில் தூத்துக்குடி வழியாக வந்த சாமான்களில் இதுவும் ஒன்று. அவர்கள் வீட்டில் போட இடமில்லை என்று எங்களிடம் வந்து சேர்ந்தது. ஓக் மரம், நாலு பேர் சேர்ந்தால்தான் நகரும். அத்தான் அதை அங்கே 2002இல் வாங்கினாராம்.

போன வியாழக்கிழமை ராத்திரி கரண்ட் போய் வந்தது. டியூப்லைட் எரிந்ததும் ஒரு வண்டு விர்ரென்று சுற்றி வந்து சுவரில் மோதிக் கீழே விழுந்தது. சாரல் ஆரம்பித்தாலே ஏதாவது பூச்சி உள்ளே வரத்தானே செய்யும், அப்படி ஒன்று என்று நினைத்து ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் மேசைக்கு அடியில் பெருக்கினால் ஒரு கைப்பிடி மரத்தூள் வருகிறது. குனிந்து பார்த்தால் மேசைக் காலில் புதிதாக ஒரு ஓட்டை! வட்டமாக இல்லை, கொஞ்சம் நீள்வட்டம். என் சுண்டுவிரல் நுனி உள்ளே போகிறது. விளிம்பு உளி வைத்துச் செதுக்கியதுபோல அவ்வளவு சுத்தம். தினமும் அந்தக் காலைத் துடைக்கிறவள் நான்தான், முந்தின நாள் வரை அங்கே ஓட்டை கிடையாது.

வண்டு இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். தேன் கலந்த பழுப்பு நிறம். முதுகில் அரிசிக் குருணையை ஒட்டிவைத்தாற்போல மஞ்சள் கலந்த வெள்ளைப் புள்ளிகள். கொம்பு உடம்பைவிட நீளம். துணியால் பிடித்தபோது கிரீச் கிரீச் என்று சத்தம் போட்டது, பயந்து விட்டுவிட்டேன்.

அத்தை மேசையைப் புறவாசலில் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் ஓட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றலாம் என்கிறார். எனக்குக் கவலை மேசை மட்டும் இல்லை. மாமா காலத்துப் பூவரசு ஊஞ்சல் பக்கத்திலேயே கிடக்கிறது, கதவு ஜன்னல் எல்லாம் தேக்கு, பின்னால் ஒரு மாமரமும் நிற்கிறது. இது எல்லாவற்றுக்கும் பரவுமா? வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சி என்றால் யாரிடம் சொல்ல வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புளியங்குடி_தோப்பு

தங்கச்சி, நீங்கள் சொல்கிற நீளக்கொம்பும் கிரீச் சத்தமும் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. மாமரத்தில் தண்டுத் துளைப்பான் என்று ஒன்று உண்டு. எங்கள் தோப்பில் காய்ப்பில் இருந்த ஒரு மரத்தையே மூன்று வருஷத்துக்கு முன்னால் அது முடித்துவிட்டது. முதலில் அடிமரத்தில் ஈரத்தூள் தள்ளும், பிசின் வடியும், அப்புறம் ஒரு பக்கத்துக் கிளை வாடும். அது கண்ணில் படும்போது புழு உள்ளே விரல் தண்டிக்கு இருக்கும். சைக்கிள் கம்பியை வளைத்துக் கொக்கி மாதிரி விட்டுத்தான் இழுத்து எடுத்தோம். இரண்டு மரம் தப்பியது, ஒன்று போய்விட்டது. அதனால் மாமரத்தின் அடியை உடனே ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். தோப்பில் ஓட்டைக்குள் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்துக் களிமண்ணால் அடைக்கிற வழக்கம் சிலரிடம் உண்டு. யாராவது வந்து வீட்டு மேசைக்கும் அதையே சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். அதிலிருந்து வருகிற வாயு ஆளைக் கொன்றுவிடும். நெல் மூட்டைக்கு அந்த மாத்திரையைப் போட்டுவிட்டு அதே வீட்டில் படுத்தவர்கள் பிழைக்காத செய்திகளைப் படித்திருக்கிறோம்.

பொதிகைச்சாரல்

தோப்பு அண்ணாச்சி சொன்ன எச்சரிக்கையை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பூச்சி அதுவாக இருக்காது. மாமரத் துளைப்பான், அதாவது பாட்டோசெரா ரூஃபோமாக்குலாட்டா, ஆள்காட்டி விரல் நீளத்துக்குப் பக்கத்தில் வரும், சாம்பல் நிறம், பெயரிலேயே சொல்கிற மாதிரி செம்மஞ்சள் புள்ளிகள். அதோடு அது உயிருள்ள மரத்தில் முட்டையிடுகிற சாதி, வார்னிஷ் அடித்த மேசைக் காலுக்கு வராது. இரண்டும் ஒரே பெருங்குடும்பம், அவ்வளவுதான். செராம்பிசிடே என்ற இந்த நீளக்கொம்பு வண்டுக் குடும்பத்தில் உலகம் முழுக்க முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, வட அமெரிக்காவில் மட்டுமே ஆயிரத்தை ஒட்டி. கொம்பு நீளத்தை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது.

அக்கா, அமெரிக்கா மேல் பழி போடுவதற்கு முன்னால் நம் ஊர்க்காரன் ஒருவனைத் தள்ளிவைத்துவிட வேண்டும். ஸ்ட்ரொமேஷியம் பார்பேட்டம் என்று ஒரு நீளக்கொம்பு வண்டு இந்தியாவில் நிறைய இடங்களில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான மரவகைகளைத் தின்னும், அதுவும் காய்ந்த மரத்தை. கட்டில், பீரோ, உத்தரம் எதையும் விடாது. ஒரு தலைமுறை வெளியே வந்தால் அதே மரத்தில் மறுபடி முட்டையிடும். உங்கள் வண்டு அதுவாக இருந்தால் ஊஞ்சலைப் பற்றிய கவலை நியாயமான கவலை. ஆனால் அது ஒரே சீரான செம்பழுப்பு, முதுகில் தந்த நிறப் புள்ளி கிடையாது.

அதனால் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, முதுகுப் புள்ளிகள் எத்தனை, எப்படி அமைந்திருக்கின்றன. இரண்டு, முதுகை மூடுகிற அந்தக் கெட்டியான சிறகு பின்னால் முடிகிற இடத்தில் முள் மாதிரி ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா. மூன்று, அத்தானிடம் கேளுங்கள், அந்த மேசையைக் கடையில் வாங்கினாரா அல்லது யாராவது ஆசாரியிடம் செய்தாரா. மூன்றாவது கேள்விதான் முக்கியம், ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

வண்டை மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள்.

வெண்ணிலா_பாளை

தம்ளருக்குள்ளேதான் இருக்கிறது, இன்னும் உயிரோடு. என் மகளும் நானும் அவள் பள்ளிக்கூட லென்ஸை வைத்துப் பார்த்தோம். புள்ளிகள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. தோள் பக்கம் இடது பாதியில் ஒரு ஜோடி, வலது பாதியில் ஒரு ஜோடி. நடுமுதுகைத் தாண்டி மறுபடி அதே மாதிரி இரண்டு ஜோடி. மொத்தம் எட்டு. பின்முனையில் முள் இருக்கிறது, ஒவ்வொரு பக்கமும் இரண்டு, அதில் வெளிப்பக்க முள் நீளம். அப்புறம் மகள் இன்னொன்று கண்டுபிடித்தாள்: கண் உருண்டையாக இல்லை, கொம்பு முளைக்கிற இடத்தைப் பிறை மாதிரி வளைத்துக்கொண்டு இருக்கிறது. எனக்கு அது வண்டாகவே தெரியவில்லை அக்கா, ஏதோ நகை வேலை மாதிரி இருக்கிறது.

அத்தானிடம் கேட்டேன். கடையில் வாங்கியது இல்லையாம். அவர்கள் இருந்த ஊருக்கு வெளியே பண்ணை வைத்திருந்த ஒரு தச்சர், தன் நிலத்தில் பட்டு நின்ற ஓக் மரத்தை வெட்டி அறுத்து, கொட்டகையில் அடுக்கிக் காற்றில் காயவைத்துச் செய்து கொடுத்தாராம். மெஷினில் காயவைத்த மரம் வேண்டாம், இதுதான் நிற்கும் என்று அவர் சொன்னது அத்தானுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பொதிகைச்சாரல்

எட்டுப் புள்ளி, பின்முனையில் முள், பட்டுப்போன ஓக், காற்றில் காய்ந்த பலகை. இனி எனக்குச் சந்தேகம் இல்லை. எபூரியா குவாட்ரிஜெமினாட்டா. பெயரின் இரண்டாம் பாதிக்கு நான்கு இரட்டைகள் என்று அர்த்தம், உங்கள் மகள் எண்ணிய அதே நான்கு ஜோடிதான். 1820களில் தாமஸ் சே என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் இதற்குப் பெயர் வைத்தார். அங்கே இதைத் தந்தக்குறி வண்டு என்ற பொருளில் கூப்பிடுகிறார்கள். வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில்தான் இது வாழ்கிறது. அங்கே கோடைகாலத்தில், ஜூன் ஜூலை ராத்திரிகளில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும். உங்களிடமும் சாரல் மாதத்தில் ராத்திரி டியூப்லைட்டுக்குத்தான் வந்திருக்கிறது.

இப்போது நான் சொல்லப்போவதை நிதானமாகப் படியுங்கள் அக்கா. இந்த வண்டு உங்கள் வீட்டில் உண்டானது இல்லை. 2018இல் கப்பலிலும் ஏறியது இல்லை. அந்தத் தச்சர் நிலத்தில் மரம் பட்டு நின்றபோதோ வெட்டிக் கிடந்தபோதோ ஒரு தாய் வண்டு அதன் வெடிப்பில் முட்டை வைத்திருக்கிறது. புழு உள்ளே இறங்கி வைரத்தை, அதாவது மரத்தின் கெட்டியான நடுப்பகுதியை, தின்ன ஆரம்பித்திருக்கிறது. மரத்தை அறுத்தார்கள், இழைத்தார்கள், கால் செதுக்கினார்கள், வார்னிஷ் அடித்தார்கள், உங்கள் அத்தான் வீட்டில் பதினாறு வருஷம் அதன் மேல் சாப்பிட்டார்கள், கடல் தாண்டி வந்தது, உங்கள் வீட்டில் சாப்பிட்டீர்கள். அத்தனை காலமும் அது அந்தக் காலுக்குள் இருந்திருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் இருபது வருஷத்துக்கு மேல். உங்கள் மகளைவிட அதற்கு வயது அதிகமாக இருக்கும்.

இது சாத்தியமா என்று கேட்பீர்கள். சாத்தியம், பதிவாகியும் இருக்கிறது. ஈரமுள்ள மரத்தில் இந்தப் புழு சில வருஷத்திலேயே வளர்ந்து வண்டாகிவிடும். காய்ந்த மரத்தில் தண்ணீரும் இல்லை, சத்தும் இல்லை, கிடைக்கிறதெல்லாம் வெறும் நார். அதனால் வளர்ச்சி அப்படியே மந்தமாகிவிடுகிறது. சாகாது, மெதுவாகத் தின்று மெதுவாகப் பெருக்கும். நாற்பது வருஷப் பழைய புத்தக அலமாரியிலிருந்து இதே இனம் வெளிவந்ததை 1918இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். வேறு குடும்பத்தில் இன்னும் பெரிய கணக்கு இருக்கிறது. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த ப்யூப்ரெஸ்டிஸ் ஆருலென்டா என்ற பொன்வண்டு 1983இல் இங்கிலாந்தில் ஒரு வீட்டு மாடிப்படி மரத்திலிருந்து வந்தது, அது உள்ளே இருந்த காலம் 51 வருஷம்.

தச்சர் எப்படிக் காயவைத்தார் என்று கேட்டது இதற்காகத்தான். சூளையில் வைத்துச் சூடேற்றி உலர்த்திய பலகையாக இருந்தால் புழு அப்போதே செத்திருக்கும்.

ஆபத்துக் கணக்குக்கு வருகிறேன். இந்த இனம் காய்ந்து, இழைத்து, வார்னிஷ் அடித்த மரத்தில் முட்டையிடாது. அதற்கு வேண்டியது பட்ட மரம், அடிபட்ட மரம், பட்டையும் வெடிப்பும் உள்ள மரம். எனவே ஊஞ்சலுக்கும் கதவுக்கும் பயமில்லை. ஸ்ட்ரொமேஷியத்துக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வித்தியாசமே இதுதான். மேசையைத் தூக்கிப் போட வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம், மண்ணெண்ணெய் ஊற்றினால் சாப்பிடுகிற இடத்தில் வாடைதான் மிஞ்சும்.

அம்பை_கடைசல்

நான் அம்பாசமுத்திரத்தில் கடைசல் வேலை பார்க்கிறவன், மரச் செப்புச் சாமான், கட்டில் கால், ஊஞ்சல் குண்டு எல்லாம் கடைவோம். பொதிகை சொல்கிற பூச்சி நான் பார்த்ததில்லை. ஆனால் "வைரத்தைத் தின்கிற புழு" என்று படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் தொழிலில் பால பாடமே வெள்ளையை, அதாவது பட்டையை ஒட்டிய வெளிமரத்தைக் கழி, வைரத்தை வை என்பதுதான். நம் ஊரில் மரம் உளுப்பதெல்லாம் பெரும்பாலும் வெள்ளையில்தான், ஏனென்றால் மாவுச்சத்து அங்கேதான் இருக்கிறது. உளுவண்டு ஊசி முனை அளவு ஓட்டை போடும், கோதுமை மாவைவிட நைசாகத் தூள் கொட்டும், ஒரு மரத்தில் நூறு ஓட்டை தெரியும். அக்கா சொல்வது ஒரே ஒரு ஓட்டை, விரல் நுழைகிற அளவு. அப்படியென்றால் அது உளு இல்லை என்று நானே சொல்லிவிடுவேன்.

எங்கள் தாத்தா காலத்தில் பூவரசையும் வேம்பையும் வெட்டினால் நேரே பட்டறைக்குக் கொண்டுவர மாட்டார்கள். குளத்தில் இறக்கிச் சகதிக்குள் அமிழ்த்திப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். எடுக்கும்போது நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் மரத்தில் உள்ள சத்தெல்லாம் கரைந்து போயிருக்கும், உளு அண்டாது. உங்கள் மாமா காலத்து ஊஞ்சல் இன்னும் உளுக்காமல் இருக்கிறது என்றால் அதுவும் ஏதோ ஒரு குளத்தில் ஊறிய மரமாகத்தான் இருக்கும், பார்க்காமலே சொல்கிறேன். இப்போது யாருக்குக் காத்திருக்க நேரம் இருக்கிறது, குளத்தில்தான் தண்ணீர் நிற்கிறதா. ரப்பர் மரத்தைப் போராக்ஸ் கரைசலில் முக்கி எடுத்து வேலை செய்கிறோம்.

மேசைக்கு வழி சொல்கிறேன். ஓட்டையை உடனே அடைக்காதீர்கள். அதன் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டுங்கள், மற்ற மூன்று காலுக்கும் கீழே கறுப்புத் துணி விரியுங்கள். ஒரு மாதம் பாருங்கள். தாள் கிழியாமல், துணியில் தூள் விழாமல் இருந்தால் வந்தது ஒன்றுதான் என்று தைரியமாக இருக்கலாம். ராத்திரி ஊர் அடங்கின பிறகு காலில் காதை வைத்தும் கேளுங்கள். பெரிய புழு மரத்தைக் கடிக்கிற சத்தம் கேட்கும், நகத்தால் பலகையைச் சுரண்டுகிற மாதிரி. அப்புறம் ஒரு நீளக் கம்பியை மெதுவாக விட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள். காலின் பாதித் தடிமனுக்கு மேல் பொள்ளலாக இருந்தால் ஆசாரியைக் கூப்பிட்டு உள்ளே தேக்குக் குச்சி செருகிப் பசை போட்டுவிடுங்கள். இல்லையென்றால் தேன்மெழுகில் அதே மரத்தூளைக் குழைத்து அடைத்தால் போதும். அந்தத் தூளைக் கொட்டிவிட்டீர்களா? கொட்டியிருக்காவிட்டால் அதையே சலித்து எடுத்துவையுங்கள், நிறம் அப்படியே ஒத்துப்போகும்.

புளியங்குடி_தோப்பு

நான் தப்பாகச் சொன்னதைத் திருத்தியதற்கு நன்றி பொதிகை. ஆனால் ஒரு கேள்வி. ஊஞ்சலுக்குப் பயமில்லை சரி. வெளியே போய் நம் மரத்தில் முட்டை வைத்தால்? எங்களுக்கு இருக்கிற துளைப்பானே போதும், வெளிநாட்டுத் துளைப்பான் வேறு வேண்டுமா?

பொதிகைச்சாரல்

சரியான கேள்வி அண்ணாச்சி, வெளியே விடாதீர்கள் என்று முதலிலேயே சொன்னது இதனால்தான். ஒற்றை வண்டு குடும்பம் நடத்தாது, ஆணும் பெண்ணும் சந்திக்க வேண்டும். ஆனால் அதை நம்பி ஜன்னலைத் திறந்துவிட முடியாது. ஓக் மட்டும்தான் தின்னும் என்று இல்லாமல் ஹிக்கரி, ஆஷ், மேப்பிள், செர்ரி என்று பல மரத்தில் வளர்கிற இனம் இது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒரு கதை நடந்திருக்கிறது. சீனாவைச் சேர்ந்த ஒரு நீளக்கொம்பு வண்டு, அனோப்லோஃபோரா கிளாப்ரிபென்னிஸ், சாமான் கட்டி வந்த மரப்பெட்டிகளுக்குள் இருந்து அமெரிக்காவுக்குப் போனது. 1996இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தெருவோர மேப்பிள் மரங்களில் கண்டுபிடித்தார்கள். 1998இல் சிகாகோவில். 2008இல் மாசசூசெட்ஸின் வூஸ்டரில் பார்த்தபோது அது ஏற்கெனவே வருஷக்கணக்காகப் பரவியிருந்தது, முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. நிழலாக இருந்த தெருக்கள் மொட்டையாகிவிட்டன. சிகாகோவில் முழுதாக ஒழித்துவிட்டார்கள், அதற்கே பத்து வருஷம் ஆனது. அப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகுதான் கப்பலில் வருகிற மரப்பெட்டிக்கும் பலகைத் தட்டுக்கும் உள்மரம் வரை 56 டிகிரி சூடு குறைந்தது 30 நிமிஷம் ஏற்ற வேண்டும் என்று 2002இல் உலக விதி வந்தது. தூத்துக்குடித் துறைமுகப் பக்கம் கிடக்கிற பலகைத் தட்டுகளில் கோதுமைக் கதிர் படத்தோடு எச்.டி. என்று முத்திரை சுட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள், அது இந்தச் சூட்டுக்கான அடையாளம். பெட்டிக்கு இருக்கிற அந்த விதி பெட்டிக்குள் இருக்கிற மேசைக்குப் பொருந்தாது.

அக்கா, வண்டைத் தம்ளரோடு ஒரு டப்பாவுக்கு மாற்றி ஃப்ரீசரில் இரண்டு நாள் வையுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் வேறு வழியில்லை. பிறகு ஒரு சின்னப் பாட்டிலில் மருந்துக்கடை ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு, தேதி, ஊர், மேசை வாங்கிய வருஷம், எந்த மரம் எல்லாவற்றையும் பென்சிலால் ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும். தூத்துக்குடியில் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கிறது, வெளிநாட்டுப் பூச்சி என்றால் அவர்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். உங்களுக்குக் கிட்டத்தில் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியும் இருக்கிறது, பூச்சியியல் துறையில் காட்டினால் என் கணிப்பு சரியா என்று உறுதி செய்துகொள்ளலாம். படத்தைப் பார்த்துச் சொல்வது வேறு, கையில் வைத்துப் பார்த்துச் சொல்வது வேறு.

வெண்ணிலா_பாளை

எல்லோருக்கும் பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். வண்டை ஃப்ரீசரில் வைக்க மகள் முதலில் சம்மதிக்கவே இல்லை. இருபது வருஷம் இருட்டில் இருந்துவிட்டு இப்போதுதானே வெளிச்சத்தைப் பார்த்தது அம்மா என்றாள். எனக்கும் சொல்லப் பதில் இல்லை. நான் பொதிகை எழுதிய வூஸ்டர் கதையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் போய் அவளே சின்ன எழுத்தில் பென்சிலால் சீட்டு எழுதிக்கொண்டு வந்தாள். பாட்டில் இப்போது சாமி அலமாரிக்குக் கீழே இருக்கிறது. தூத்துக்குடி நிலையத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறேன், வருகிற திங்கட்கிழமை கிள்ளிகுளத்துக்கு நேரில் கொண்டுபோகிறேன்.

கம்பி விட்டுப் பார்த்ததில் ஓட்டை மேல்நோக்கி வளைந்து ஒரு சாண் வரை போகிறது, ஆனால் காலின் ஒரு ஓரமாகவே போயிருக்கிறது, மேசை கெட்டியாகத்தான் நிற்கிறது. ஓட்டை மேல் ஒட்டிய தாள் அப்படியே இருக்கிறது. மாமரத்தின் அடியையும் சுற்றிப் பார்த்தோம், தூளும் இல்லை, பிசினும் இல்லை. மரத்தூளை நான் கொட்டவில்லை அண்ணாச்சி, ஒரு சம்புடத்தில் இருக்கிறது. ஊஞ்சல் பலகை எந்தக் குளத்தில் ஊறியது என்று அத்தையிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை, மேலப்பாளையம் பக்கத்துக் குளம், கல்யாணமாகி வந்த புதிதில் அந்த நாற்றம் தெரு முழுக்க அடித்தது என்றார்கள்.

அத்தான் போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மேசைக்கு அடியில் உட்கார்ந்து ஒவ்வொரு காலிலும் காதை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றில் ஒன்றும் கேட்கவில்லையாம். வாசல் பக்கத்துக் காலில் மட்டும் ஏதோ கேட்கிற மாதிரி இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது என்றார். நானும் கேட்டேன், எனக்குச் சுவர்க்கடிகாரச் சத்தம்தான் வந்தது. அந்தக் காலுக்குக் கீழே கறுப்புத் துணியை எடுக்காமல் வைத்திருக்கிறோம். தூள் விழுந்தால் அன்றைக்கே வந்து எழுதுகிறேன்.